சிவப்பும் கறுப்பும்: அந்தரங்க மின்தூண்டலுக்கு வயர் இணைக்கும் முறை

அத்தியாயம் 5

இந்த அத்தியாயத்தைப் படுக்கையறையில் படிக்காதீர்கள். சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். மெஷின், அதன் வயர்கள், ஒரு மல்ட்டிமீட்டர், சில சில்லறைச் சாமான்கள், ஒரு மணி நேரம் போதும். மின்துடிப்பை உடம்புக்குக் கொடுக்கும் பேடை ஒட்டும் வேலை கடைசியில்தான் வரும்.

டென்ஸ் மெஷின் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பிசியோதெரபிஸ்ட் வைக்கும் கருவி. அது தரும் சின்னச் சின்ன மின்துடிப்பை இன்பத்துக்குப் பயன்படுத்தும் தம்பதிகள் இருக்கிறார்கள். அதற்கென்றே செய்து விற்கும் கருவிகளும் இருக்கின்றன. மருத்துவ மெஷினை இப்படிப் பயன்படுத்துவது அதன் கையேட்டில் இல்லாத பயன் என்பதால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். வெட்கம் வேண்டாம். மனநல மருத்துவர் மாத்ருபூதம் ‘புதிரா? புனிதமா?’ டிவி நிகழ்ச்சியில் தாம்பத்தியத்தைப் பற்றித் தமிழில் நிதானமாகப் பேசிக் காட்டிய ஊர் இது.

எல்லோரும் பயப்படுவது துடிப்பின் அளவைக் கூட்டும் குமிழுக்கு. என் அனுபவத்தில் பயப்படவேண்டியது வயருக்கு. எத்தனை திருகினால் எவ்வளவு வரும் என்று குமிழ் சொல்வது, வயர் முழுதாக இருந்தால்தான் உண்மை.

## தொடங்கும் முன்: இவர்களுக்கு வேண்டாம், இங்கே வேண்டாம்

1. பேஸ்மேக்கரோ உடலுக்குள் வேறு மின்கருவியோ உள்ளவர்கள், இதயநோய் உள்ளவர்கள், வலிப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள்: தொடவே வேண்டாம்.
2. இரண்டு பேடும் இடுப்புக்குக் கீழேயே இருக்கவேண்டும். மார்பு, கழுத்து, தலை கூடாது. ஒரு கைக்கு ஒன்றாகப் பிடித்துப் பார்ப்பதும் கூடாது. மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் மறு கைக்குப் போகும்.
3. புண், வெட்டு, அன்று சவரம் செய்த தோல், மரத்துப்போன இடம் ஆகியவற்றில் ஒட்டாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை நோயில் உணர்ச்சி குறைந்த இடமும் இதில் சேர்த்தி.
4. பேட்டரியில் ஓடும் மெஷின் மட்டும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் வேண்டாம். சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் ‘சுர்’ என்று ஓடுமே, அது அடாப்டர் வழியே கசியும் மின்சாரம். அது பேடுக்கு வரக்கூடாது. ஆம்ப்ளிஃபையர், ஹோம் தியேட்டர் முதலிய பிளக்பாயின்ட் சாமான்களுக்கும் இதே தடை.
5. வெள்ளி அரைஞாண், கொலுசு, மெட்டி, இடுப்புச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பேடின் ஓரத்தை வெள்ளி தொட்டால் துடிப்பு முழுவதும் அந்த ஒரு புள்ளியில் போய்க் கடிக்கும்.
6. ‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்தவேண்டும். குடித்திருந்தாலோ தூக்கம் வந்தாலோ அன்றைக்கு வேண்டாம்.

கவனம்: வீட்டில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறது என்று தைரியப்படாதீர்கள். மெஷினிலிருந்து ஒரு பேடுக்குப் போய் மற்ற பேடு வழியே திரும்பும் மின்சாரம் அதன் கண்ணில் படாது.

## வாங்கவேண்டியவை

சென்னையில் லஸ் கார்னர், உஸ்மான் ரோடு, அடையாறு எல்.பி. ரோடு பக்கம் இருப்பவர்களுக்குப் பேடும் ஜெல்லும் அருகிலுள்ள சர்ஜிக்கல் கடையிலேயே கிடைக்கும். மின்சாமான்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் இழுத்து மூடிய ஷட்டர்களைத்தான் பார்ப்பீர்கள்.

- ‘பீப்’ சத்தத்தோடு கன்டினியூட்டி (வயர் அறுபடாத தொடர்ச்சி) பார்க்கும் மல்ட்டிமீட்டர்
- 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு)
- 5 மி.மீ. எல்இடி: சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று
- முதலை கிளிப் இரண்டு சோடி
- மெஷினுக்குப் பொருந்தும் லீடு வயர், உபரியாக ஒன்று

மெஷினைக் கையோடு எடுத்துப்போங்கள். ரிச்சி தெருக் கடையில் நான் முதல்முறை வாயால் கேட்டபோது நடந்த பேச்சு இது:

“பின் வேணும்ணே. சின்னது.”

“ரெண்டரையா, மூணரையா?”

“தெரியல.”

“மோனோவா, ஸ்டீரியோவா? எதுக்கு சார்?”

“டென்ஸ் மெஷினுக்கு. இடுப்பு வலி.”

“மெஷின் எங்க?”

மெஷின் மயிலாப்பூரில் பீரோவுக்குள் இருந்தது. ஊகத்தில் ஸ்டீரியோ பின் வாங்கிவந்தேன், வேலைக்கு ஆகவில்லை. இடுப்பு வலி என்று சொல்லத் தயங்கவே வேண்டாம். இந்த ஊரில் யாருக்கு இடுப்பு வலி இல்லை?

## பின்னை அடையாளம் காணுங்கள்

1. மெஷின் பக்கம். பெரும்பாலும் 2.5 அல்லது 3.5 மி.மீ. பின். நுனிக்குக் கீழே ஒரே ஒரு கறுப்பு வளையம் என்றால் மோனோ: நுனி ஒரு முனை, உடல் மறு முனை. இரண்டு வளையம் என்றால் ஸ்டீரியோ: நடுவில் மூன்றாவதாக ஒரு முனை இருக்கும். சில மெஷின்களின் பின் இரண்டிலும் சேராத தனி வடிவம். அதற்குக் கம்பெனி வயர்தான் வழி.
2. பேட் பக்கம். இரண்டு வகை. ஒன்று, 2 மி.மீ. ஊசிப் பின். மற்றது, சட்டையில் தைக்கும் பிரஸ் பட்டன்போல் ‘டிக்’கென்று மாட்டும் பட்டன்.
3. பொருத்தம். மோனோ சாக்கெட்டில் ஸ்டீரியோ பின்னைச் சொருகினால், அதன் நடு முனைக்கு எந்தத் தொடர்பும் கிடைக்காது. ஒரு வயரை அந்த முனையில் பற்றவைத்திருந்தால் அந்த வயர் செத்த வயர். நான் செய்ததும் இதுதான்.

ஆபத்து: மூடியில்லாத 2 மி.மீ. ஊசிப் பின், நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் துளைக்குள் தாராளமாக நுழையும். அங்கே இருப்பது 230 வோல்ட். அமெரிக்காவில் நோயாளியின் வயரை மின் இணைப்பில் சொருகியதால் குழந்தைகள் இறந்தபின்தான், 1997ல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் உலோகம் வெளியே தெரியாத பின்தான் வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை உள்ள வயரையே வாங்குங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பூட்டு போட்ட இடத்தில் வையுங்கள்.

## வயர் உயிரோடு இருக்கிறதா?

வாடகை வீட்டில் நடந்தது. குமிழ் 2ல் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. 4க்கு ஏற்றினேன், லேசாக ஒரு ஊறல். 6க்கு ஏற்றினேன், அதுவும் போய்விட்டது. ‘பேட்டரி தீர்ந்துபோச்சு போல’ என்று மெஷினை எடுக்கத் திரும்பினேன். பின்னின் கழுத்தில் வயர் மடங்கியது. அவ்வளவுதான், 6ன் முழு அடியும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. உதைத்த உதையில் தண்ணீர்ச் சொம்பு உருண்டு கட்டிலுக்கடியில் போனது. “என்னங்க, என்னாச்சு?” என்று எழுந்து உட்கார்ந்த மனைவிக்கு அன்றைய இரவு முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் பின்னின் கழுத்தைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். மெல்லிய செம்பு இழைகளில் இரண்டு மட்டும் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றன. மற்றவை அறுந்து கறுத்திருந்தன. மெஷின் மேல் குற்றமே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை:

1. வயரை மெஷினிலிருந்தும் பேடிலிருந்தும் கழற்றுங்கள்.
2. மீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். ஒரு குச்சி மெஷின் பின்னின் நுனியில், மற்றது சிவப்பு முனையில். ‘பீப்’ வரவேண்டும். வராவிட்டால் கறுப்பு முனையில் வைத்துப் பாருங்கள். எந்த நிறம் நுனிக்குப் போகிறது என்று எழுதி வையுங்கள்.
3. பின்னின் உடலுக்கும் மற்ற நிறத்துக்கும் அதேபோல் பாருங்கள்.
4. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே பாருங்கள். இங்கே ‘பீப்’ வரக்கூடாது. வந்தால் உள்ளே ஷார்ட்.
5. முக்கியமானது இதுதான்: ‘பீப்’ ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வயரின் இரண்டு கழுத்தையும் நாலு பக்கமும் வளையுங்கள். சத்தம் ஒரு கணம் திக்கினாலும் அந்த வயர் குப்பைக்கு.

குறிப்பு: பற்றவைத்துச் சரிசெய்யலாமா? பல லீடு வயர்களில் நூலின் மேல் செம்புத் தகடு இழையைச் சுற்றியிருப்பார்கள். ஈயம் அதில் பிடிக்காது, நூல்தான் கருகும். உள்ளே நூல் தெரிந்தால் புது வயர் வாங்குங்கள். முழுச் செம்பு இழையாக இருந்தால் மெஷின் பக்கப் பின்னை மட்டும் மாற்றலாம். இரண்டு முனைக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். உடம்பு பக்கத்து முனையைக் கையால் செய்யாதீர்கள்.

## நெகட்டிவ் எது, பாசிட்டிவ் எது?

தெரியவேண்டிய தியரி மூன்றே வரி. துடிப்பு இரண்டு திசையிலும் சமமாகப் போய்வந்தால் எந்த முனையும் ஒன்றுதான். ஒரு திசையில் கூர்மையாகவும் மறுதிசையில் மந்தமாகவும் போனால் நெகட்டிவ் முனை நரம்பை அதிகம் உசுப்பும். ஒரே திசையில் மட்டும் போனால் தோலில் ரசாயனப் புண் வரும்: நெகட்டிவ் அடியில் காரம், பாசிட்டிவ் அடியில் அமிலம். மூன்றாவது வகை மெஷின் நமக்கு ஆகாது.

சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பது வழக்கம். வழக்கத்தை நம்பவேண்டாம், சோதித்துவிடுவோம்.

சோதனை 1: ஒருபக்கச் சாய்வு

1. மெஷினை அணைத்து, வயரின் சிவப்பு, கறுப்பு முனைகளுக்கு நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிளிப்பால் மாட்டுங்கள்.
2. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் பிடியுங்கள்.
3. மெஷினை இயக்கி, குமிழைப் பாதிவரை மெல்ல ஏற்றுங்கள்.
4. எண் பூஜ்ஜியத்தை ஒட்டி மேலும் கீழும் ஆடினால் நல்லது. ஒரே பக்கம் சில நூறு மில்லிவோல்ட்டில் நிலையாக நின்றால் அந்த மெஷின் உடம்புக்கு வேண்டாம். இந்த ரெசிஸ்டரில் 1 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர் ஒரே திசையில் ஓடுகிறது என்று பொருள்.

சோதனை 2: எல்இடி சோடி

1. இரண்டு எல்இடியையும் தலைகீழாகச் சோடி சேருங்கள்: சிவப்பு எல்இடியின் நீளக் காலும் பச்சையின் குட்டைக் காலும் ஒன்றாக, மற்ற இரண்டும் ஒன்றாக.
2. சிவப்பு எல்இடியின் நீளக் கால் இருக்கும் பக்கத்தைச் சிவப்பு வயரில் மாட்டுங்கள். மறுபக்கத்திலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கறுப்பு வயருக்கு.
3. அறை விளக்கை அணைத்துவிட்டுக் குமிழை ஏற்றுங்கள். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே நீள்வதால் வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும்.
4. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு எரிந்தால் பெரும்பாலும் சமத் துடிப்பு. சிவப்பு தூக்கலாக எரிந்தால் சிவப்பு வயர் பாசிட்டிவ். பச்சை தூக்கலாக எரிந்தால் உங்கள் வயரில் நிறம் மாறியிருக்கிறது. நெகட்டிவ் முனையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

பெண்ணுக்கோ ஆணுக்கோ, கூர்மையான உணர்வு வேண்டிய இடத்தில் நெகட்டிவ். பின்புலமாக இருக்கவேண்டிய இடத்தில், தொடையின் மேற்பக்கமோ பிட்டமோ, பாசிட்டிவ். ஒரு பக்கம் குத்துகிறது, மறுபக்கம் தெரியவே இல்லை என்று துணை சொன்னால் குமிழைத் தொடாதீர்கள். பூஜ்ஜியத்துக்கு வந்து, இரண்டு முனையையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

## பேடை ஒட்டும் வரிசை

1. சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். வியர்வைக்குப் போட்ட பவுடரும், மசாஜ் செய்த தேங்காய் எண்ணெயும் மின்சாரத்தைத் தடுக்கும், பேடும் ஒட்டாது. எண்ணெய் வேண்டுமென்றால் இன்னொரு நாள்.
2. பேடைத் தோலில் ஒட்டுங்கள். மெஷின் அணைந்திருக்கவேண்டும்.
3. வயரைப் பேடில் மாட்டி, கடைசியில் மெஷினில் சொருகுங்கள்.
4. எல்லாக் குமிழும் பூஜ்ஜியம் என்று பார்த்து, பிறகு இயக்குங்கள்.
5. மெல்ல ஏற்றுங்கள். முதல் ஊறல் தெரிந்ததும் அரை நிமிடம் நில்லுங்கள்.
6. முடிக்கும்போது தலைகீழ் வரிசை: குமிழ் பூஜ்ஜியம், மெஷின் அணைப்பு, வயர், பேட். ஓடும்போது பேடை உரித்தால், கடைசியாக ஒட்டியிருக்கும் ஓரத்தில் முழுத் துடிப்பும் குவிந்து சுடும்.

பேடின் அளவு: 5க்கு 5 செ.மீ. பேடின் பரப்பு 25 சதுர செ.மீ. இரண்டரை செ.மீ. வட்டப் பேடின் பரப்பு ஏறக்குறைய 5. குமிழைத் தொடாமல் சின்னப் பேடுக்கு மாறினாலே ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஐந்து மடங்கு போகிறது. மின்தூண்டல் கருவிகளுக்கான சர்வதேசத் தரம், சதுர செ.மீ.க்கு 2 மில்லிஆம்பியரைத் தாண்டினால் கூடுதல் கவனம் வேண்டும் என்கிறது. புதிய பேட், புதிய இடம் என்றால் குமிழ் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து.

ஈரமான உட்பகுதி: பசைப் பேடுகள் வெளித்தோலுக்கு மட்டும். உள்ளே வைப்பதற்கு, இடுப்புத்தள தசைப் பயிற்சிக்கென்று மருத்துவத் தரத்தில் செய்த புரோப்தான். ஸ்கேனுக்குத் தடவும் ஜெல்போல் தண்ணீர் சார்ந்த ஜெல்லோடு. அங்கே தடை குறைவு, உணர்ச்சி அதிகம். வெறும் கம்பி, ஸ்பூன், அலுமினியத் தாள் என்று வீட்டுச் சாமானில் புதுமை செய்யாதீர்கள்.

## இரண்டு சேனலும் முச்சந்தியும்

ஒரு குமிழும் அதன் சோடி வயரும் சேர்ந்தது ஒரு சேனல். இரண்டு சேனலுக்கும் சேர்த்து நான்கு பேட் ஒட்டும்போது அதிகம் நடக்கும் தவறு, முதல் சேனலின் சிவப்பையும் இரண்டாம் சேனலின் கறுப்பையும் சோடி சேர்ப்பது.  அப்போது மின்சாரம் ஒரு சோடியிலிருந்து மறு சோடிக்கு, நீங்கள் நினைக்காத வழியில் போகும். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு நிற டேப் சுற்றிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

பழகியவர்கள் மூன்று பேடில் இரண்டு சேனலையும் ஓட்டுவார்கள். இதை முச்சந்தி இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. மெஷினை அணைத்து, இரு சேனல் வயர்களையும் சொருகி, ஒரு சேனல் முனைக்கும் மறு சேனல் முனைக்கும் இடையே கன்டினியூட்டி பாருங்கள். ‘பீப்’ வந்தால் உள்ளேயே இணைந்திருக்கின்றன. இந்த இணைப்பை விட்டுவிடுங்கள்.
2. முதல் சேனலின் சிவப்பு முதல் பேடுக்கு. இரண்டாம் சேனலின் சிவப்பு மூன்றாம் பேடுக்கு. இரண்டு கறுப்பும் இரண்டாகப் பிரியும் ரெடிமேட் வயர் வழியே நடுப் பேடுக்கு.
3. நடுப் பேட்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கவேண்டும். மாலையில் பனகல் பூங்கா முனையில் எல்லாச் சாலை நெரிசலும் வந்து முட்டுவதுபோல், இரண்டு துடிப்பும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டின் கூட்டுத்தொகையும் அந்த ஒரு பேடில்தான் இறங்கும்.
4. இனி இரண்டாம் சேனலில் மட்டும் நிறத்தை மாற்றுங்கள்: கறுப்பு மூன்றாம் பேடுக்கு, சிவப்பு நடுவுக்கு. இப்போது சேர்ந்து வரும் துடிப்புகள் நடுவில் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, ஓரத்துப் பேடிலிருந்து ஓரத்துப் பேடுக்கு நேராக ஓடும். உணர்வு ஒரே இடத்தில் நிற்காமல் நகர்வதாகத் தோன்றும்.
5. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் இரண்டு குமிழும் பூஜ்ஜியம். ஒரு சேனலை ஏற்றி நிறுத்தியபின் மற்றதை.

ஒரு சேனல் ஒருவருக்கு, மறு சேனல் இன்னொருவருக்கு என்று பிரிக்காதீர்கள். ஒருவரை ஒருவர் தொடும்போது மின்சாரம் எந்த வழியில் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

## தோல் சிவந்தால்

லேசான இளஞ்சிவப்பு சிறிது நேரத்தில் மறையும். பேடின் வடிவத்திலேயே கொப்புளமோ, ஒரு புள்ளியில் கறுப்போ தெரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு வாங்கல் என்றால் மெஷினை அணைத்துவிட்டு 108. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவருக்கு வேண்டியது காரணம் மட்டுமே.

## எடுத்துவைப்பது

சென்னையின் உப்புக்காற்றும் வியர்வையும் பின்னில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். வயரை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளங்கை அகல வட்டமாகத் தளரச் சுருட்டுங்கள். மெஷின்மேல் இறுக்கிச் சுற்றுவதுதான் கழுத்தை ஒடிக்கும் பழக்கம். பேடைப் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி மூடுங்கள். ஒட்டும் தன்மை ஓரத்தில் குறைந்தாலே மாற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

எங்கள் பிளாஸ்டிக் டப்பாவில் மெஷினோடு ஓர் அங்குல வயர்த் துண்டும் கிடக்கிறது. அன்று பிளேடால் கீறிய அதே கழுத்து, இரண்டு இழையோடு. டப்பாவைத் திறந்ததும் மனைவி முதலில் அதை எடுத்து என் முன்னால் ஆட்டுவாள். நான் மீட்டரைத் தேடி எடுப்பேன்.